முந்தி வந்த அஞ்சலி

கவின் எனக்கு யாரோ எவனோ அல்ல. பெரியப்பாவின் பேரன். என்னை அத்தை என்றும் என் தம்பி தங்கசாமியைச் சித்தப்பா என்றும் கூப்பிடுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாம் "எவனோ வேண்டாதவன் போட்டிருப்பான்" என்கிறார்கள். வேண்டாதவன் போட்டிருந்தால் ஊர் நம்பியிருக்காது. சொந்தக்காரன் போட்டான், அதனால்தான் நம்பித் தொலைத்தார்கள்.

திருச்செங்கோட்டில் 'உடனடி' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறான். தேரோட்டம், கரண்ட் கட், விபத்து, சாவு எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றின் மூலையிலும் இவன் மூஞ்சி கூலிங் கிளாஸோடு இருக்கும். இதேபோல் இன்னொருவனும் ஒரு பக்கம் நடத்துகிறான். யார் முதலில் போடுவது என்று இரண்டு பேருக்கும் ஓயாத போட்டி. கூறுகெட்ட பயல்கள்.

தங்கசாமிக்குச் சொந்தமாக ஒரு ரிக் வண்டி உண்டு. போர்வெல் போடுவதற்கு வருடத்தில் பாதி நாள் வடக்கே போய்க் கிடப்பான். மழைக்காலத்தில் வண்டி ஊருக்குத் திரும்பும், பட்டறையில் விட்டு ரிப்பேர் பார்ப்பார்கள். அன்று காலை பட்டறையில் லாரியிலிருந்து இரும்புப் பைப்புகள் சரிந்து அவன் தொடைமேல் விழுந்தன. நானும் அவன் பெண்டாட்டி பிரவீனாவும் சேலத்துக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் அம்மாவிடம் காலில் லேசான அடி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம்.

பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது, ரத்தம் கிடைத்தால் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். அவனுக்கு ஓ நெகட்டிவ். இருந்த பாட்டில்களை ஏற்றிவிட்டார்கள். மற்ற ரத்த வங்கிகளில் கேட்டுப் பார்த்தார்கள், இல்லை.

"சொந்தத்துல யாருக்காவது இந்த குரூப் இருந்தா உடனே வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

ஆள் இருந்தான். எங்கள் சின்னம்மா மகன் பூபதி. திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆபீஸில் வேலை. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். நான் விவரம் சொன்னதும் "அக்கா, இதா பஸ் ஏறிட்டேனுங்க" என்றான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அந்த நேரத்தில்தான் கவின் பார்க்க வந்தான். நர்ஸ் ஒரு தாளை நீட்டி, உயிருக்கு எதுவும் நேரலாம் என்று படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டாள். பிரவீனா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவன் கதவோரம் நின்று அதைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். "என்னங்க அத்தை ஆச்சு?" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. படியிறங்குவதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' என்று அடிக்க மட்டும் விரல் வந்திருக்கிறது. தன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் நின்று சிரித்த தங்கசாமியின் படத்தை வெட்டி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, உடல் இன்று மாலை வீட்டுக்குக் கொண்டுவரப்படும் என்று கூடவே எழுதியிருந்தான். எழவெடுத்தவன்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பூபதியை இன்னும் காணோமே என்று போன் போட்டேன்.

"எங்கடா இருக்கற? சங்ககிரி தாண்டிட்டயா?"

"ஊட்லதானுங்க அக்கா இருக்கறேன்." பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"எந்த ஊட்ல?"

"உங்கூட்லதானுங்க. சனமெல்லாம் வந்துருச்சுங்க. பந்தலும் போட்டாச்சுங்க. எப்பங்க எடுத்துட்டு வாரீங்க?"

"என்னத்தடா எடுத்துட்டு வாரது?"

"அண்ணனைத்தானுங்க."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். "உசுரோட இருக்கறான்டா! உள்ள படுத்துக்கிட்டு உன்ற ரத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கறான்டா, பாவி!"

சங்ககிரி பக்கம் வரும்போதே போனில் பார்த்திருக்கிறான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்களாம். பஸ்ஸை விட்டு இறங்கி அழுதுவிட்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கிறான்.

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறதுக்கு என்னடா?"

"அழுதுட்டு இருப்பீங்க. அப்ப போயி நெசமாங்கன்னு எப்படிங்க அக்கா கேக்கறது?"

அவனை என்ன சொல்வது? எங்கள் பக்கம் அப்படித்தான். எழவு விழுந்தவரிடம் போனில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். வேலையைப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து துக்கம் கேட்பதுதான் முறை. அந்த முறையை ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒழுங்காகச் செய்தார்கள். அதில் ஒருத்தர் முறை தவறி எனக்குப் போன் போட்டிருந்தால் போதும்.

வீட்டில் அம்மா சென்னியம்மாள் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் கட்டிப் பிடித்து அழுதபோதுதான், தன் மகன் செத்துப்போனான் என்பது அவளுக்கே தெரிந்தது. பெற்றவளுக்குச் சேதி போய்ச் சேர்ந்த லட்சணம் இது. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, தம்பி உசுரோட இருக்கறான். அத்தனையும் பொய்யி."

"நெசமாவா சாமி?"

"நெசந்தாம்மா."

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மாலைகளை எல்லாம் எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாளாம். அழ வந்தவர்களை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். கொடுக்கும்போதெல்லாம் சிரித்தாளாம்.

பூபதி யாருடைய காரிலோ விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ரத்தம் எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது முடிந்து பாட்டில் உள்ளே போவதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

"கொஞ்சம் முன்னாடி கெடச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அவர் முடிக்காத அந்தப் பேச்சை நான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன். பூபதி பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தான். ரத்தம் நின்று வெகுநேரமாகியும் அவன் கையை எடுக்கவில்லை.

பொழுது சாய ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்தது. பந்தல் அப்படியே இருந்தது, நாற்காலிகளும் இருந்தன. ஒரு சாவுக்கு வேண்டியதெல்லாம் காலையிலிருந்தே தயாராக இருந்தது. பிரவீனா வண்டிக்குள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கியதும் என் கண்ணில் பட்டவன் கவின். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் போஸ்ட்ட மொதல்ல எடுடா" என்றேன்.

"எதுக்குங்க அத்தை எடுக்கோணும்?" என்றான். திமிராகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். "சித்தப்பா எறந்தது எறந்ததுதானுங்களே. தேதிகூடச் சரியாத்தானுங்க இருக்குது."

ஓங்கி அறைந்தேன். இன்னொரு அறையும் விட்டேன். அறைந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. என்னைத் தடுக்க ஒருத்தரும் வரவில்லை. பந்தலுக்குள் இருந்து நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள், வந்தவர்கள் கையிலெல்லாம் போன்.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஏஞ் சாமி நீயும் அழுவற? காலைலயும் இப்படித்தான் வந்து மாரடிச்சாங்க. அப்பறம் நீதான சொன்ன, அத்தனையும் பொய்யின்னு. இவிங்களுக்கு வேற வேலையில்ல, மறுக்காவும் கெளப்பி உட்டுட்டாங்க."

"அம்மா, வண்டிக்குள்ள..."

"அவிங்க சொல்றத நம்பாத. நீ ஆஸ்பத்திரிக்குப் போனப் போட்டுக் கேளு."

என் கையிலிருந்த போனை என் காதோரம் தூக்கி வைத்தாள். "கேளு சாமி" என்றாள். நான் எந்த நம்பரையும் போடவில்லை. போனைக் காதில் பிடித்தபடி நின்றேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.