உச்சிவெயிலில் விரிந்த மல்லிகை

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தமிழ்மதிக்கு வலிப்பு வரும்போதெல்லாம் ஊர்த் தோட்டங்களில் இருந்த மல்லிகை மொட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிந்துவிடும். விடிந்தால் பறிக்கவேண்டிய மொட்டு முதல் நாள் உச்சிவெயிலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றால் எந்த வியாபாரி வாங்குவான்? ஆனாலும் ஊர் அவளைக் கடிந்துகொண்டதில்லை. வாசம் எழுந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவரவர் வீட்டுச் சாவியை அவள் கையில் திணிப்பார்கள். அவள் உள்ளங்கையில் ஊர்ச்சாவிகளின் தடமெல்லாம் பதிந்திருந்தது. அந்த ஓட்டத்தை நினைத்தால் மாமியார் பெருமாயிக்கு இன்றும் நெஞ்சு கரைகிறது.

ஆறு வருடம், நான்கு வகை மாத்திரை. எதற்கும் வலிப்பு அடங்கவில்லை. இதற்கிடையில் பேரன் பிறந்தான். மருமகள் உட்கார்ந்திருந்தால் பெருமாயி பிள்ளையை மடியில் கொடுப்பாள். தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் விடமாட்டாள். "பிள்ளையோட விழுந்துட்டா என்னாத்தா செய்வ?" என்பாள். தமிழ்மதி நீட்டிய கையை மடக்கிக்கொள்வாள்.

மதுரை மருத்துவர் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார். கருவிலேயே மூளையில் ஒரு சிறு இடம் சரியாக உருவாகவில்லை, இதற்கு மாத்திரை கேட்காது, அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்றார். சாவிக் கதையையும் கேட்டார். "இரும்பு ஒண்ணும் செய்யாதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்." பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அறுவைச் சிகிச்சை நடந்த செவ்வாய்க்கிழமை அவள் பேரனோடு தோட்டத்தில் இருந்தாள். பதினொன்றே காலுக்கு மொட்டெல்லாம் விரிந்தன. உடனே மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த மகன் மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

"அப்பு, பூவு விரிஞ்சிருச்சு. டாக்டரு கை வச்சது சரியான எடந்தேன். தைரியமா எடுக்கச் சொல்லு."

மோகன்குமார் நர்ஸிடம் சொன்னான். நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

அதன்பின் வலிப்பு வரவில்லை. மொட்டுகள் ஒழுங்காக அந்தியில்தான் விரிந்தன. ஆனாலும் உச்சிவேளை ஆனால் ஊரார் மூக்கை உயர்த்திப் பார்ப்பார்கள். போன பீடையை யாராவது தேடுவார்களா? பெருமாயியும் தேடினாள்.

ஒரு வருடம் கழிந்து, ஒரு மத்தியானம், யாரும் கேட்காமலே பேரனைத் தூக்கி மருமகள் இடுப்பில் வைத்தாள். "தண்ணி டேங்கு வரைக்கும் போய்ட்டு வா" என்றாள். தமிழ்மதி நடந்தாள். பாதித் தெரு தாண்டியதும் குப்பென்று மல்லிகை வாசம்.

ஊரே சாவியோடு ஓடிவந்தது. பெருமாயிக்கு உயிர் போய் வந்தது. தமிழ்மதியோ பிள்ளையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். விரிந்தது பெருமாயி வீட்டு வாசல் செடி ஒன்றுதான். பார்த்துவிட்டு எல்லாரும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்தச் செடி இன்றும் உச்சிவெயிலில்தான் பூக்கிறது. தழும்பு மறைய வளர்ந்துவிட்ட மருமகள் கூந்தலில் பெருமாயி அந்தப் பூவைத்தான் வைத்துவிடுகிறாள்.