உறை பிரிக்காத பிரஷ்

பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்பது என் உத்தியோகத்தின் முழுப் பெயர். பிள்ளைகளுக்கு நான் பல்லு மிஸ். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் வாயைத்தான் நான் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர்களைப் பார்க்க எனக்குப் பொறுமையும் இல்லை.

2011 ஆனியில் மன்னாரிலிருந்து வெள்ளாங்குளத்துக்குப் போனேன். மாவட்டத்தின் வடக்கு எல்லை அது. ரோட்டு முழுக்கக் குழி. வாகனத்தை விட்டு இறங்கியபோது இடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். போரில் இடம்பெயர்ந்த ஊர்ச்சனம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எண்பத்து மூன்று பிள்ளைகள். ஆளுக்கொரு பிரஷ்ஷும் பற்பசையும் கொடுத்து, காலையும் இரவும் பல் விளக்க வேண்டும் என்று படம் காட்டி, பாட்டும் பாடினேன். எனக்குப் பாட வராது, ஆனாலும் பாடினேன்.

புரட்டாதியில் திரும்பப் போனேன். பாடின பாட்டு வீண். பற்களில் அதே மஞ்சள் அழுக்கு. விளக்கினீர்களா என்று கேட்டால் எண்பத்து மூன்று பேரும் ஓம் என்றார்கள், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அபிசாவிடம்தான் எனக்குக் கோபம் மிஞ்சியது. அவளுக்கு ஆறரை வயது. முதல் நான்கு நிரந்தரக் கடைவாய்ப்பற்களும் அந்த வருடம்தான் முளைத்திருந்தன. பாற்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் பல் அது. அதையும் பாற்பல் என்று நினைத்துத் தாய்மார் கவனிக்காமல் விடுவார்கள். விழுந்தால் பிறகு முளைக்காது. ஆனியில் நான்கும் சுத்தமாக இருந்தன. இப்போது ஒன்றில் கரும்புள்ளி விழுந்திருந்தது. இப்படியே போனால் ஒன்பது வயதுக்குள் அந்தப் பல்லை நானே பிடுங்க வேண்டி வரும்.

பிரஷ் எங்கே என்று கேட்டேன். பையில் இருக்கிறது என்றாள். புத்தகப் பையைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பை இல்லையாம், வீட்டுப் பையாம்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு நடந்தேன். தகரக் கூரை போட்ட வீடு. தாய் சுபத்திரா முற்றத்தில் நெல் காயவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய பையை அபிசா கையால் காட்டினாள். கேட்காமலே திறந்தேன். அது என் பிழைதான். பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சோடி உடுப்பு, டோர்ச், பனடோல் மாத்திரை, சவர்க்காரம். அடியில் நான் கொடுத்த இரண்டு பிரஷ், உறைகூடப் பிரிக்காமல். ஒன்று அபிசாவுடையது, மற்றது பன்னிரண்டு வயது அண்ணன் லக்சனுடையது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், இது என்ன, கோயில் நேர்த்திக்கடனா என்று கேட்டுவிட்டேன். சுபத்திரா கோபிக்கவில்லை. புதுச் சாமான் எது கிடைத்தாலும் அந்தப் பைக்குள்தான் போகும் என்றார். பிள்ளைகள் உமிக்கரியால் விளக்குகிறார்களாம். அதுவும் ஞாபகம் வந்தால்தானாம்.

பிறகு லக்சனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் இல்லை. என் அட்டையில் அதை ஏற்கெனவே பதிந்திருந்தேன். எப்படிப் போனது என்று மட்டும் கேட்டிருக்கவில்லை.

“மாத்தளனில சண்டை நேரம் பங்கருக்குள்ள இருக்கேக்க வீங்கினது மிஸ். ரெண்டு நாள் கத்தினவன். சைக்கிள் திருத்திற ஒராள்தான் குறட்டால புடுங்கினவர். மூண்டு பேர் அமத்திப் பிடிச்சவை. இனி ஓடேக்க அப்பிடி வரக்கூடாது. அதுக்குத்தான் வைச்சிருக்கிறன்.”

அடுத்த முறை ஓடும்போது பல் கெடக்கூடாது என்று இப்போது பல்லைக் கெடவிட்டுக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அந்தமுறை ஓடும்போது கொண்டுபோன பை எங்கே என்று கேட்டேன். போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது கையில் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள், பையை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம் என்றார்.

“பையைப் போட்டிட்டு ஓடலாம் அம்மா,” என்றேன். “பல்லை விட்டிட்டு ஓடேலாது. ஓடேக்க வாயில என்ன இருக்கோ, அதுதான் கூட வரும்.”

சுபத்திரா இரண்டு பிரஷ்ஷையும் எடுத்து, கத்தியால் உறையைக் கிழித்து, பிள்ளைகளின் கையில் கொடுத்தார்.

வாகனத்தில் திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. போர் முடிந்து இரண்டு வருடம். இனி ஓட வேண்டி வராது என்றுதான் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் பிரஷ் பைக்குள்ளேயேதான் இருந்திருக்கும்.

மார்கழியில் அபிசாவின் பற்கள் சுத்தமாக இருந்தன. கரும்புள்ளி பரவவில்லை. அதைச் சுரண்டி அடைத்தேன். மற்ற மூன்று பற்களின் பள்ளங்களையும் பூச்சுப் பூசி மூடினேன்.

அதன்பிறகு தாய்மார் கூட்டம் எங்கே நடந்தாலும், ஓடும்போது வாயில் இருப்பதுதான் கூட வரும் என்ற அதே வசனத்தைச் சொன்னேன். படங்களையும் பாட்டையும் விட அது நன்றாக வேலை செய்தது. என் சொந்த ஊர் வங்காலையில் மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்குள்ள சனம் இடம்பெயர்ந்து திரும்பி வந்து வருடக்கணக்காகிறது, கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் அக்கா, கூட்டம் முடியுமுன்பே எழும்பி வீட்டுக்குப் போனாள். பிள்ளைகளின் பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுக்கத்தான் போனாளாம்.