முதுகில் ஏறிய குளிர்

அஸ்ரூ மலையூரில் யாருக்கு முதுகு வலித்தாலும் குளிர் ஏறிவிட்டது என்பார்கள். டாக்சி ஓட்டும் மூஹாவுக்கும், மீசை முளைத்த நாளிலிருந்து நாற்பதைத் தொடும்வரை அதே பாட்டுத்தான். மருந்துக்கடைக்காரர் சொன்னார், முதுகில் கோப்பை கவிழ்த்துக் கெட்ட ரத்தம் எடுத்த நாட்டு வைத்தியர் சொன்னார், படித்த டாக்டரும் வெட்கமில்லாமல் அதையே சொன்னார். மனைவி ரகியா கம்பளிப் பட்டை பின்னி அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

இந்தக் குளிர்காலத்தில் வலி தானாகவே நின்றது. ரகியா சந்தோஷத்தில் பெரிய தட்டு நிறைய கூஸ்கூஸ் சமைத்து மசூதிக்கு அனுப்பினாள். ஆனால் வலியோடு வருஷாவருஷம் வளைந்துவந்த கூன் மட்டும் நிமிரவில்லை. "என்னடா, கீழ விழுந்த காசத் தேடுறியா?" என்று டாக்சிக்காரர்கள் கிண்டலடிக்கவே, மூஹா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "காலையில எந்திரிக்கும்போது உயிர் போயிருக்கும், நடமாடினா குறைஞ்சிருக்கும். அப்படித்தானே?"

"ஆமாம்மா! இத யாருமே கேட்டதில்ல."

"குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது முதுகெலும்பு வாதம். எலும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. அசைய இடமில்ல, அதான் வலியும் இல்ல. ஆரம்பத்துலயே ஊசி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"இனிமே?"

"ஒட்டினது ஒட்டினதுதான்பா."

வீட்டு வாசலிலேயே ரகியா பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னாங்க? குளிர் போயிடுச்சாமா?"

அவள் செருப்பைப் பார்த்தபடி மூஹா சொன்னான்: "போயிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" அவள் பட்டையை அவிழ்த்தாள். "அப்புறம் என்ன? நிமிர்ந்து என் முகத்தப் பாருங்க."