அப்பாவின் தொப்பியில் மூன்று சீட்டு

முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்று யோசித்து யோசித்தே ஐடாவுக்கு ஒரு வாரமாக மண்டை காய்ந்துவிட்டது. மாரிகுப்பத்தில் அப்பா விட்டுப்போன, சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் டைட்டஸ், தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் ஷிஃப்ட் பார்த்தவர். அடுத்தவன் டக்ளஸுக்குப் பெங்களூரில் ஃப்ளாட் இருக்கிறது. கடைக்குட்டி ஐடாவுக்குத்தான் இப்போது குடியிருக்கும் இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. சீட்டுக் குலுக்கிக் கர்த்தர் கையில் விடுவோம் என்றார்கள். பாவம், அவருக்கும் எத்தனை வேலை.

முதல் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அவருக்கு விழாவிட்டால் அடுத்தவருக்கு இரண்டில் ஒன்று. அவருக்கும் விழாவிட்டால் கடைசி ஆளுக்கு வீடு நிச்சயம். அப்போ கடைசியில் நிற்பதுதானே புத்தி? அதற்குள் முன்னால் போனவர் அள்ளிக்கொண்டுவிட்டால்? தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் கூட வரும் ரூபேஷ், "எப்போ எடுத்தாலும் ஒண்ணுதான்க்கா" என்றான். பங்காருபேட்டை ஸ்டேஷன் வரை புரிந்த மாதிரி இருந்தது. வண்டி கிளம்பியதும் மறுபடி குழம்பிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவின் சுரங்கத் தொப்பிக்குள் மூன்று சீட்டு. ஒன்றில் 'வீடு', மற்ற இரண்டும் வெறுஞ்சீட்டு. டைட்டஸ் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மடித்து, திரும்பவும் தொப்பிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"இன்னாண்ணே பண்றே?" என்றான் டக்ளஸ்.

"சுரங்கத்துல எறங்கறப்ப எடுத்த டோக்கன, ஏறி வந்ததும் எடுத்த எடத்துலியே மாட்டிப் பழகின கைடா. கண்ணாடியும் எடுத்தாரல, ஒண்ணும் தெரில. கலக்கிட்டு நீங்க எடுங்க, மிச்சம் எனுக்கு."

குலுக்கினார்கள். டக்ளஸுக்கு வெறுஞ்சீட்டு. இனி இரண்டில் ஒன்று என்று ஐடா எடுத்தாள். அதுவும் வெறுஞ்சீட்டுதான்.

மிச்சமிருந்த சீட்டை டைட்டஸ் பிரிக்கக்கூட இல்லை. "ரெண்டு வாட்டியும் எனுக்கேவா?" என்று தலையில் கைவைத்தார்.

"ரெண்டு வாட்டியா?" என்றாள் ஐடா.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மொதல்ல எடுத்ததும் வீடுதான். விழலன்னு உங்கண்ணி மரியாகிட்ட சொல்லிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அதுவும் போச்சு."

டைட்டஸ் அந்தச் சீட்டை ஐடாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "எனுக்கு விழுந்த வீடு. யாரு இருக்கணும்னு நான்தான சொல்லணும். நீ இரும்மா. மரியாவ நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வார் என்று அங்கே யாரும் நம்பவில்லை, அவர் உட்பட. ஐடா சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எப்போது எடுத்தாலும் ஒன்றுதான் என்கிற கணக்கு மட்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.