விரிசலில் வைத்த பழம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஐம்பத்தொன்றா, ஐம்பத்திரண்டா? மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். திருவனந்தபுரம் மிருகசாலையில் நான் கிளார்க். வலியசாலை வீட்டிலும் இருப்புக்கொள்ளாது, ஆபீசிலும் கொள்ளாது. மத்தியானங்களில் இருவாச்சிக் கூண்டின் முன்னால் போய் நிற்பேன்.

அந்தப் பறவைக்கு ஒரு வித்தை தெரியும். காவலாள் கோலப்பன் வாழைப்பழத் துண்டை எந்தப் பக்கம் எறிந்தாலும், பெரிய மஞ்சள் அலகின் நுனியில் பிடித்து, மேலே சுண்டி, விழுங்கிவிடும். ஜனங்கள் அதற்காகவே வந்தார்கள். கோலப்பன் முன்பு போனக்காட்டில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்தவன். பறவையைப் பிடித்துக்கொண்டு வந்ததால் கிடைத்தது இந்தத் தற்காலிக வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அதிகாரி வருகிறார், வித்தை நன்றாக நடந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று சூப்பரண்டு சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பறவை விழுங்குவதை நிறுத்தியது. பிடித்த துண்டுகளைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, பின்பக்கப் பலகையிலிருந்த விரிசலுக்குப் போய், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உள்ளே திணித்தது.

“என்னடா, உன் ஆள் கோவில் உண்டியல்னு நினைச்சுண்டானா?” என்றேன்.

கோலப்பன் சிரிக்கவில்லை.

“சாமி, முட்டையிடுத காலத்துல பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிடும். ஒரு கீறல்தான் விடும். ஆண் பழம் கொண்டாந்து அது வழியா ஊட்டணும். ஊட்ட வரும்போதுதான் நான் இவனைப் பிடிச்சேன்.”

“அப்போ உள்ளே இருந்தது?”

“போயிப் பாக்கல்ல.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. யோசனைதான் சொன்னேன். “விரிசல் இருந்தாத்தானே இந்தக் கூத்து? ஒரு பலகையை வச்சு அடிச்சு மூடிடு. உனக்கு ஆர்டர் வந்தாப் போறும்.”

அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஆணியையும் ஸ்டோரிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை அதிகாரி குடும்பத்தோடு வந்து நின்றார். பறவை ஐந்து துண்டுகளைப் பிடித்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். பிறகு அது பின்பக்கம் போய்ப் புதுப் பலகையைத் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அலகோரத்தில் ரத்தம் தெரிந்தது.

“எறியடோ கோலப்பா! எந்தா நோக்கி நிக்குந்நது?” சூப்பரண்டு பல்லைக் கடித்தார்.

கோலப்பன் பழத்தட்டைக் கீழே வைத்தான். கூண்டுக்குள் போய், வெறுங்கையால் பலகையைப் பிடுங்கி எறிந்தான். பறவை அவன் தோளை உரசிக்கொண்டு போய் ஐந்து துண்டுகளையும் விரிசலுக்குள் வைத்தது. அதிகாரி கிளம்பிப் போகும்வரை அவன் வெளியே வரவில்லை.

பலகை என்னுடைய யோசனை என்றாவது நான் சொல்லியிருக்கலாம். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதக் கடைசியில் கோலப்பனை நிறுத்திவிட்டார்கள். அவன் வித்துராவில் ஒரு விறகுக் கடையில் வேலை பார்த்து, அங்கேயே இறந்தான். சூப்பரண்டு அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். பறவை ஐம்பத்தாறு வரை இருந்தது. மாசி தவிர மற்ற மாதங்களில் வித்தை காட்டியது. நான் ஹெட் கிளார்க்காகி ஓய்வு பெற்றேன்.