வாரம் ஒரு தடவை

மேனேஜருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மேனேஜர் என்றால் நாய். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. அதனால் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் கிரீஸும் ஸ்பானருமாக இருந்த மனுஷர். ஆறு மாசத்துக்கு முன்னால் கம்பெனிக்காரன், "கொஞ்ச நாள் வீட்ல ஓய்வெடுங்க சார்" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டான். ஒரே லிஃப்டுக்கு ஒரே நாளில் மூன்று தடவை கிரீஸ் போட்டாராம். அதெல்லாம் ஒரு குற்றமா? "அக்கறையா வேலை பாக்குறவனுக்கு இப்பல்லாம் எங்க மரியாதை" என்று அவர் மனைவி கம்பெனியைத் திட்டித் தீர்த்தாள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய சொறியும் சிரங்கும் அவள் கையால் மருந்து வாங்கித்தான் ஆறியது. அப்படிப்பட்டவள் வீட்டு நாய் ராத்திரி பகல் பாராமல் சொறிந்துகொண்டு நின்றால் சும்மா விடுவாளா? சீப்பால் வாரி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஓட்ஸை அரைத்துத் தண்ணீரில் கரைத்து உடம்பெல்லாம் ஊற்றினாள். தேங்காய் எண்ணெய் தடவினாள், மேனேஜர் அதை அக்கறையாக நக்கிச் சாப்பிட்டது. கடைசியில் கடையிலிருந்து அரிப்புக்கான ஷாம்பு ஒரு பெரிய பாட்டில் கொண்டுவந்து, வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோலவே மேலே சீட்டு ஒட்டினாள். 'வாரம் ஒரு தடவை. ஒரு மூடி. பத்து நிமிஷம் ஊறணும்.'

"நான் பாத்துக்கறேம்மா, நீ வேலைக்குக் கிளம்பு" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று வாரத்தில் அரிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. தொடையில் முடி கொட்டி, தோல் வெடித்துவிட்டது. நாய் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தோல்ல எண்ணெய்ப் பசையே இல்லையே. அடிக்கடி குளிப்பாட்டுறீங்களா?"

"வாரம் ஒரு தடவைதான் டாக்டர்" என்றாள், சத்தியம் பண்ணாத குறையாக.

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், ஒரு வருஷம் வரவேண்டியது அடியில் கொஞ்சம் கிடக்கிறது. அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "மூடியில அளந்து ஊத்தச் சொன்னா, கவுத்துட்டீங்களா?" அவர் முகம் சுண்டிப்போனது. "ஒரு மூடிதாம்மா ஊத்தினேன். உங்கிட்ட எதுக்கு நான் பொய் சொல்லப்போறேன்?" அன்றைக்கு அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நினைத்து அவள் பின்னால் எத்தனை அழுதாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் கடையில் கணக்கெடுப்பு, அவளுக்கு மத்தியானம்தான் வேலை. பின்பக்க அறையில் படுத்திருந்தாள். ஒன்பது மணிக்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். "வாடா மேனேஜர், அம்மா எழுதிவெச்சிருக்கா பாரு, வாரம் ஒரு தடவையாம். இந்த வாரம் உன்ன நான் கவனிக்கவே இல்ல." சரி, குளிப்பாட்டுகிறார் என்று புரண்டு படுத்தாள். பத்தேகாலுக்கு மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். மறுபடியும் அதே குரல், அதே கொஞ்சல். "வாடா மேனேஜர், அம்மா எழுதிவெச்சிருக்கா பாரு."

அவளுக்குப் பகீரென்றது. எழுந்துபோய்க் கதவோரம் நின்று பார்த்தாள். ஈரம்கூடக் காயாத நாய்மேல் ஒரு மூடி அளந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த மனுஷர் எதிலும் தவறு பண்ணவில்லை. அவள் எழுதியதை எழுத்து மாறாமல் செய்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் செய்தார். மேனேஜரும் நடுங்கிக்கொண்டு, அவர் கையை நக்கிக்கொண்டு நின்றது. மூன்று தடவை கிரீஸ் போட்ட லிஃப்ட் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வாள்? சீட்டைக் கிழித்தாள், பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நாய் பிழைத்தது என்றுதான் நினைத்தாள். இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தால், துணி துவைக்கிற பவுடரைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். வெடித்த தோலில் பவுடர் பட்டு ரத்தம் கசிய, மேனேஜர் கட்டிலுக்கடியில் முனகிக்கொண்டு கிடந்தது. அவர் அதன் எதிரே தரையில் படுத்துக்கொண்டு கையை நீட்டிக் கூப்பிடுகிறார், அது வரமாட்டேன் என்கிறது.

"என்னன்னு தெரியலம்மா, என்னப் பாத்து பயப்படுறான்."

அப்போதுதான் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் சிரித்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார், ஓயாத தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்துப்போன விரல்கள். எந்த இயந்திரத்தில் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில், அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நான்தானா? இவனுக்கு இவ்வளவும் பண்ணது நான்தானா?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் விசும்பி அழுது அவள் பார்த்ததில்லை. அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டட மேஸ்திரியிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"இப்பவே கூட்டிட்டுப் போயிடு. உன் தங்கச்சி வீட்ல விட்டுடு. நான் மறந்துடுவேன், மறந்துட்டு மறுபடி குளிப்பாட்டுவேன். நான் திட்டினாலும் அழுதாலும் திருப்பிக் கொண்டுவராத. புரியுதா?"

தங்கச்சி நல்லவள், மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டாள். இவள் கிளம்பும்போது அது வாசல்வரை வந்து, இவளையும் தாண்டித் தெருவைப் பார்த்தது. அவரைத்தான் தேடியது. இத்தனைக்கும் பிறகு அவரைத்தான்.

அவள் வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே கேட்டார். "மேனேஜர் எங்க?"

"தங்கச்சி வீட்லங்க. நீங்கதானே விடச் சொன்னீங்க?"

"நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்? எம் புள்ளைய நான் ஏன் அனுப்பப்போறேன்?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவருக்கு எல்லாம் புதுசு. மறுபடியும் விரல்களைப் பார்த்தார், மறுபடியும் "நான்தானா?" என்றார், அதே அழுகை அழுதார். இனி அவர் கேட்கும்போதெல்லாம் இந்தப் பாவத்தைத் தூக்கித் தானே அவர் தலையில் வைக்கவேண்டியிருக்கும் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கை கழுவிவிட்டு வந்தவர் மேசைக்கடியில் குனிந்து தேடினார்.

"மேனேஜர் எங்கம்மா?"

"டாக்டர்கிட்ட விட்டிருக்கேங்க. ரெண்டு நாள்ல வந்துடுவான்."

அவர் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"நல்ல வேலை பண்ணே. பாவம்மா அவன், என்னமா சொறியுறான். எதனால வந்துச்சுன்னுதான் தெரியல."

அவள் அவர் தட்டில் சாதத்தை வைத்தாள்.

"எனக்கும் தெரியலங்க" என்றாள்.