முதலாளி தைத்த சீட்

வண்டிச் சீட் தைக்கிற எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் பார்ப்பார்கள். மெஷின் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். மடியில் ரெக்சின், தலைமுடியெல்லாம் ஃபோம் தூள். அவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்பார்கள். முதலாளி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே, தொழிலில் முன்னேறுவது எப்படி என்று யாருக்காவது பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். முதலாளி என்றால் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டின புருஷன் மேலேயே பொறாமைப்படுவாயா என்று என் அம்மா கேட்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவாள். இடுப்பொடியத் தைத்துவிட்டு, பாராட்டு பக்கத்து நாற்காலிக்குப் போவதை அவளா பார்க்கிறாள்?

நாங்கள் இரண்டு பேருமே வண்டிச் சீட் செய்கிற கம்பெனியில் இருந்தவர்கள். நான் தையல் பிரிவில், அவர் குடோனில் மூட்டை ஏற்றுகிற வேலையில். கம்பெனியை மூடினார்கள். அதோடு எங்கள் தெருவே சொந்தத் தொழிலில் இறங்கிவிட்டது. இப்போது அங்கே மாதச் சம்பளம் வாங்குகிற ஆளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஆம்பளைகள் ஆரம்பித்தால் அதற்குப் பெயர் தொழில். போன் கவர் விற்கிறவரும் முதலாளி, பழைய இரும்பு எடுக்கிறவரும் முதலாளி. மாடிவீட்டு அக்கா பாதித் தெருவின் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். என்ன செய்யறீங்க என்று யாராவது கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிறாள். பிடித்து உலுக்கலாம் போலிருக்கும். ஆனால் உலுக்க எனக்கென்ன யோக்கியதை? எங்கள் கடைப் பலகையிலும் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அவருக்கு வாய் உண்டு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவனையும் சிரிக்கவைத்து அனுப்புவார். அதைப் பார்த்தாலும் எனக்கு எரியும்.

தையல் மட்டும் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் தைக்கும்போது பக்கத்தில் வந்து பார்த்ததுகூட இல்லை. மெஷின் ஓரத்தில் ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பேன். "தைக்கிறதுக்கு எதுக்கு மேக்கப்பு? யாரை மயக்கப்போற?" என்று கிண்டல் செய்வார். ரெக்சின் பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் அதை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தையல் போகிற தடத்தில் கொஞ்சம் பவுடர் தடவினால்தான் நகரும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

இப்படி இருக்கும்போதுதான் வேன் ஸ்டாண்டுத் தலைவர் கடைக்கு வந்தார். ஸ்டாண்டில் ஓடுகிற வேன்கள் எல்லாவற்றுக்கும் புதுச் சீட் போட வேண்டுமாம். மாதிரிக்கு வைத்திருந்த சீட்டை எடுத்து, ஓரத்தில் நான் ஓட்டியிருந்த இரட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"யாரு தச்சது?"

"எல்லாம் நம்ம கைதான் தலைவரே," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படின்னா ஒண்ணு செய்ங்க. நாளைக்கு மெஷினோட ஸ்டாண்டுக்கு வாங்க. எங்க டிரைவருங்க முன்னாடி ஒரு சீட்டு தச்சுக் காட்டுங்க. போன தடவை பேச்ச நம்பி ஏமாந்துட்டோம். வேலைய கண்ணால பாத்துட்டா ஆர்டர் உங்களுக்குத்தான்."

தலைவர் தெரு முனையைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தவர், திரும்பியபோது பேயறைந்த மாதிரி இருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் சொல்லிக்குடேன்."

"என் சம்சாரம் தச்சதுன்னு சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"பொம்பள தச்சதுன்னா விலைய அடிச்சுக் கேப்பாங்கம்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். உண்மை என்பதால்தான் இன்னும் எரிந்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை மெஷினில் உட்காரவைத்தேன். ரெக்சினை வீணாக்க மனமில்லை, பழைய துணியைக் கொடுத்தேன். துணி எங்கேயும் ஒட்டாது, ஓடிவிடும். மதியம் தொடங்கினார், விளக்கு வைப்பதற்குள் கோடு நேராக வந்துவிட்டது. ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, "இதுக்கா இவ்ளோ நாளா அலட்டிக்கிட்ட?" என்றார்.

துண்டை வாங்கி மடித்து வைத்தேன்.

மறுநாள் சாமான்களை எடுத்து வைக்கும்போது பெட்டியிலிருந்த பவுடர் டப்பா அவர் கண்ணில் பட்டது. "அங்கயும் வந்து மேக்கப்பா?" என்று அதை எடுத்து அலமாரியில் வைத்தார். சொல்ல வாய் திறந்தேன். அலட்டல் என்று சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டாண்டில் டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு ஜோக் அடித்துவிட்டு, ரெக்சினை வைத்து மோட்டாரை மிதித்தார். ரெக்சின் அசையவில்லை. ஊசி ஒரே இடத்தில் குத்து குத்தென்று குத்தியது, நூல் பந்தாகச் சுருண்டது. இவர் பிடித்து இழுத்தார். ஊசி உடைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. ஆனால் தலைவர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும்தான் உறைத்தது. கை நழுவிப் போவது என் ஆர்டரும்தான்.

"எந்திரிங்க," என்றேன்.

எழுந்தார். வேறு ஊசி மாட்டினேன். பவுடருக்குப் பதிலாக மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டை விரலில் தொட்டு, தையல் தடத்தில் மெல்லிசாக இழுத்துவிட்டேன். அப்புறம் மெஷின் நிற்கவில்லை. முடித்துக் கொடுத்த உறையை இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு நூல்கூட அசையவில்லை.

"பலே!" என்றார் தலைவர், என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி. "நல்ல ஆளாப் பாத்துத்தான் வேலைக்கு வச்சிருக்கீங்க முதலாளி."

"அது என் சம்சாரம் தலைவரே."

"அட! அப்ப சம்பளமும் மிச்சம்னு சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என்னை அறியாதவர், அவரை மன்னித்துவிடலாம். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

"எப்ப ஆரம்பிக்கலாம் முதலாளி?" என்று தலைவர் கேட்டார்.

இவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "எப்பம்மா?" என்றார்.

நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைவரைப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

சிரிப்பு அடங்கியது. தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"யோசிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? வண்டியெல்லாம் சும்மா நிக்குது. நீங்க எப்ப சொல்றீங்களோ அப்பவே ஆரம்பிச்சுக்கலாம். உங்க நம்பரக் குடுங்க, இனிமே உங்ககிட்டயே பேசிக்கிறேன்."

ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னேன். டிரைவர்கள் சிலர்கூட போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், யாரும் திரும்பவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்கு அது புதிய முகம் இல்லை, நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.